கேஸ் முடியற வரைக்கும்

உக்காருங்க, உக்காருங்க. பையை நான் மடியில வச்சுக்கறேன். உள்ள இருக்கறது கோட்டுதான், கசங்குனா கசங்கட்டும். இந்த வண்டி தாராபுரம் போய்ச் சேர்றதுக்குள்ள நாமளே கசங்கித்தான் போவோம்.

ஆமாங்க, வக்கீல்தான். பேரு நாச்சிமுத்து. வீடு தாராபுரம், பொழப்பு திருப்பூர் கோர்ட்டுல. தெனமும் இதே பஸ்சுதான். என்ன கேஸு பாப்பீங்கன்னா, விபத்து கேஸுங்க. பாத்தீங்களா, சொன்னதும் கொஞ்சம் தள்ளி உக்காந்துட்டீங்க. பரவால்லீங்க, எல்லாரும் அப்படித்தான். விபத்து வக்கீல்னா ஆஸ்பத்திரி வாசல்ல கார்டு குடுத்துட்டு நிக்கற ஆளுன்னு ஒரு நெனைப்பு. நான் ஒருநாளும் நின்னதில்லைங்க. என் குமாஸ்தா நின்னிருக்கறான், அது வேற.

அதுலயும் எனக்குச் சைக்கிள் கேஸுதான் ஜாஸ்தி. நானாத் தேடிப் போகலை, அதுவா வந்து சேந்துக்கிச்சு. கார்ல அடிபட்டவனுக்குச் சொந்தக்காரன்ல ஒருத்தன் வக்கீலா இருப்பான். பைக்ல அடிபட்டவனுக்குக் கூட்டாளிக இருப்பாங்க. சைக்கிள்காரனுக்கு யாரு இருக்கறா? அடிபட்டு ரோட்டுல கெடக்கறப்பவே, இவன் ஏன் குறுக்க வந்தான்னுதான் பேச்சு ஆரம்பிக்கும். கோர்ட்டுக்கு வந்தாலும் அதே பேச்சுதான். இன்சூரன்ஸ் வக்கீல் எந்திரிச்சு நின்னு, சைக்கிள்ல லைட் இருந்துதா, பெல் இருந்துதா, ரோட்டுல எந்தப் பக்கம் போனே, கேரியர்ல என்ன வச்சிருந்தேன்னு கேப்பாரு. காலை இழந்தவன் கூண்டுல நின்னு, பெல் இருந்துதுங்க, அடிச்சனுங்கன்னு சொல்லிட்டிருப்பான். இத்தனை வருசமா இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலிச்சுப் போச்சுங்க. பல்லு வலி மாதிரி, எப்பவும் இருந்துட்டே இருக்கும். என்னன்னு சொல்லவும் தெரியாது.

சலிப்புகூடப் பரவால்லைங்க. ஒருத்தனுக்கு நல்லது பண்ணிட்டு அவன்கிட்டயே மூஞ்சில அடி வாங்கறது இருக்குது பாருங்க, அதைத்தான் தாங்க முடியலை. சென்னியப்பன்னு ஒருத்தன். அவன் கேஸை நடத்துன மாதிரி நான் வேற எந்தக் கேஸையும் நடத்துனதில்லை. இன்னைக்கு நெனைச்சாலும் வருத்தமா இருக்குது.

சென்னியப்பன் டீ விக்கறவன். கடை கெடையாது, சைக்கிள்தான் கடை. பின்னாடி பெரிய கேனைக் கட்டி, ஹேண்டில்ல பேப்பர் கப்பு மாலை மாதிரி தொங்க, பனியன் கம்பெனி ஒவ்வொண்ணா டீ நேரத்துக்குப் போய் நிப்பான். எந்தக் கம்பெனியில எப்ப மணியடிக்கும்னு அவனுக்கு அத்துப்படி. ஒரு நிமிசம் பிந்துனாலும் அடுத்தவன் டீ வித்துட்டுப் போயிருவான், அப்படியாப்பட்ட தொழிலு. மழையானாலும் வெயிலானாலும் மிதிப்பான். காலு ரெண்டும் கம்பி மாதிரி இருக்கும்னு அவன் பொண்டாட்டி பூங்கொடி சொல்லுவா. ஒருநாள் பல்லடம் ரோட்டுல பின்னாடி வந்த சரக்கு வேன் ஒண்ணு அடிச்சுட்டு நிக்காமப் போயிருச்சு. கேன் சாஞ்சு டீ கொதிக்கக் கொதிக்கத் தொடையில ஊத்திருச்சு. அந்தப் புண்ணைக்கூட ஆத்திட்டாங்க. ஆனா வலது முழங்காலுக்குக் கீழ எலும்பு நொறுங்கிப் போச்சு. பிளேட் வச்சு, ஸ்க்ரூ போட்டு, ஒரு வழியா ஒட்ட வச்சாங்க. எலும்பு டாக்டர் நல்ல கைராசிக்காரர்.

வேன் நம்பரை ஒருத்தன் பாத்து வச்சிருந்தான், அதனால கேஸு போட முடிஞ்சுது. சென்னியப்பன் ஊன்றுகோலோட என் ஆபீசுக்கு வந்தான். பக்கத்துல பூங்கொடி. நான் எல்லாத்தையும் எழுதிக்கிட்டு, எல்லாக் கட்சிக்காரனுக்கும் சொல்றதை அவனுக்கும் சொன்னேன். கேஸ் முடியற வரைக்கும் சைக்கிள்ல ஏறக்கூடாது. ஏறக்கூடாதுன்னா, கிட்டயே போகக்கூடாது.

ஏன் அப்படிச் சொல்றேன்னு நீங்க கேக்கணும். கேக்கலை, இருந்தாலும் சொல்றேன். அதுக்கு முன்னாடி மயில்சாமின்னு ஒருத்தன் கேஸு பாத்தேன். சாயப்பட்டறையில வேலை, இடுப்பெலும்பு போயிருச்சு. நடக்கவே முடியலைன்னு கோர்ட்டுல சொல்லி வச்சிருந்தோம். இன்சூரன்ஸ்காரங்க ஒரு ஆளை அனுப்பிப் பின்னாடியே விட்டிருக்கறாங்க, எங்களுக்குத் தெரியலை. மயில்சாமி ரேசன் கடைக்குச் சைக்கிள்ல போயிருக்கறான். அந்தாளு போட்டோ எடுத்துட்டான். நடக்க முடியாதவரு அரிசிப் பையோட சைக்கிள்ல போறாரு பாருங்கன்னு ஜட்ஜு மேசையில கொண்டுபோய் வச்சாங்க. ஒத்தைக் கால்ல மிதிச்சுட்டுப் போனான்னு நான் தொண்டை கிழியக் கத்துனேன். போட்டோவுல ஒத்தைக் காலா ரெண்டு காலான்னு எங்க தெரியுது? ஊன சதவீதத்தைப் பாதியாக் கொறைச்சுட்டாங்க, பணமும் பாதியாப் போச்சு. பாவம், அந்தாளு என்னையும் திட்டலை, யாரையும் திட்டலை. அன்னைக்கு முடிவு பண்ணேன், இனி என் கட்சிக்காரன் எவனும் கேஸ் முடியற வரைக்கும் பெடல்ல கால் வைக்கக் கூடாதுன்னு. அது நல்லதுக்குத்தானே?

பத்து நாளோ பதினஞ்சு நாளோ கழிச்சுப் பூங்கொடி மட்டும் வந்தா. வந்து நின்னுட்டே இருந்தா. என்னம்மான்னேன்.

“டாக்டரு ஒண்ணு சொன்னாருங்க சார். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு, வீட்டுக்குள்ளயே உக்காந்து மிதிக்கச் சொன்னாருங்க. காலைல கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். மிதிச்சாத்தான் முழங்காலு மடங்குமாமா. விட்டுட்டா அப்படியே எறுகிப் போயிருமாமா. நீங்க ஏறக்கூடாதுன்னுட்டீங்கன்னு அவரு மாட்டேங்கறாருங்க.”

“உங்க வீடு எங்கம்மா?”

“லைன் வீடுங்க சார்.”

“எத்தனை வீடு?”

“ரெண்டு பக்கமும் இருக்குதுங்க. நாங்க நடுவுல.”

“பக்கத்து வீட்டுல யாரு கையிலயும் ஃபோன் இல்லையா?”

 கதவைச் சாத்திக்கறமுங்கன்னா அவ. சாத்துனா சத்தம் கேக்காதாம்மான்னேன். செயின் சத்தம் கேக்கும், சக்கரம் சுத்தற சத்தம் கேக்கும். எவனாவது ஒருத்தன் இன்சூரன்ஸ் ஆளுகிட்ட, அண்ணன் உள்ள சைக்கிள் ஓட்டறாருங்கன்னு சொன்னாப் போதும், முடிஞ்சுது கதை. டாக்டருக்குக் காலைத் தெரியும், எனக்குக் கோர்ட்டைத் தெரியும்னு சொல்லி அனுப்புனேன். நல்லா இருக்குதுல்லீங்க, அந்தப் பேச்சு? நானாச் சொன்னது. அதுக்கப்பறம் நெறையக் கட்சிக்காரங்ககிட்டச் சொல்லியிருக்கறேன்.

ஆனா ஒண்ணு சொல்லணும், சென்னியப்பன் மாதிரி ஒரு கட்சிக்காரனை நான் பாத்ததில்லை. சில பேரு நம்ம முன்னாடி தலையாட்டிட்டு, வெளிய போய்த் தன் இஷ்டத்துக்கு ஆடுவாங்க. இவன் அப்படி இல்லை. சொன்னாச் சொன்னதுதான். சைக்கிளைச் சுவரோரமா நிறுத்தி வச்சு, தொடச்சு, காத்தடிச்சு வைப்பானாம். ஏற மாட்டானாம். வீட்டுல சோத்துக்கு வழி வேணுமே, பூங்கொடிதான் சைக்கிளைத் தள்ளிட்டே கம்பெனி கம்பெனியாப் போனா. தள்ளிட்டுப் போனா நேரத்துக்குப் போக முடியலை, பாதி டீ ஆறிப்போய்த் திரும்பி வரும். அப்பறம் அவளே ஓட்டப் பழகிக்கிட்டா. அவன் வாசப்படியில உக்காந்து, ஹேண்டிலை நேராப் புடி, கீழ பாக்காதேன்னு சொல்லிக் குடுத்தானாம். காலை நீட்டிட்டு உக்காந்துட்டேதான்.

கேஸு இழுத்துருச்சுங்க. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? ஜட்ஜு மாத்தலாகிப் போனாரு. புதுசா ஒருத்தரு வர்றதுக்குள்ள கொரோனா வந்துருச்சு, கோர்ட்டையே பூட்டிட்டாங்க. தொறந்ததும் இன்சூரன்ஸ் வக்கீலுக்குக் கண் ஆபரேசன், வாய்தா. அப்பறம் வேன்காரனுக்கு நோட்டீசு போகலைன்னு ஒரு வாய்தா. வாய்தான்னா என்னன்னு தெரியுமில்லீங்க, இன்னைக்கு இல்லை, இன்னொரு நாளைக்கு வாங்கறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் சென்னியப்பன் வந்து வராண்டாவுல ஓரமா நிப்பான். பணம் எப்ப வரும்னு ஒருநாளும் கேட்டதில்லை. போறப்போ ஒரே ஒரு கேள்விதான் கேப்பான்.

“சார், இப்ப ஏறலாங்களா?”

“இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கப்பா” ம்பேன். சரிங்க சார்னுட்டுப் போயிருவான்.

ஊரே பூட்டிக் கெடந்தப்போ ஒருநாள் ஃபோன் பண்ணுனான். ரோட்டுல ஒரு நாயைக்கூடக் காணமுங்க சார், கம்பெனி எல்லாம் பூட்டியிருக்குது, இப்பவாவது ஒரு சுத்து சுத்திக்கறனுங்களேன்னு கேட்டான். எனக்கே மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. ஆனா யோசிச்சுப் பாத்தேன். வேலைக்குப் போகாம எல்லாரும் ஜன்னல்லயே நிக்கற நேரம் அது. வேண்டாம்ப்பா, அப்பத்தான் எல்லாக் கண்ணும் ரோட்டு மேல இருக்கும்னேன். சரிங்க சார்னுட்டான்.

ஒருவழியா சாட்சி விசாரணைக்கு வந்துது. மெடிக்கல் போர்டுல சென்னியப்பன் காலைப் பாத்துட்டு ஊனத்துக்கு நல்ல சதவீதம் போட்டுக் குடுத்துட்டாங்க. முழங்காலு மடங்கவே இல்லை. போட்டோ எடுக்க ஒரு ஆளு அந்தத் தெருவுல பல நாள் அலைஞ்சிருக்கறான், கேள்விப்பட்டேன். ஒரு போட்டோ கெடைக்கலை. எப்படிக் கெடைக்கும்?

அதனால இன்சூரன்ஸ் வக்கீல் வேற வழியில வந்தாரு. ஆபரேசன் பண்ணுன டாக்டரைக் கூண்டுல ஏத்தி, இந்த முழங்கால் மடங்காம இருக்கறதுக்கு விபத்து மட்டும்தான் காரணமான்னு கேட்டாரு. டாக்டர் நேர்மையான மனுசன். இல்லைன்னுட்டாரு.

“ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சுது. ஆரம்பத்துல ஆறு மாசம் தெனமும் பெடல் மிதிச்சிருந்தா நல்லா மடங்கியிருக்கும். பழையபடி சைக்கிளே ஓட்டியிருக்கலாம். நான் அப்பவே சொல்லி அனுப்பினேன்.”

“இப்ப மிதிச்சா?”

“இனி பிரயோஜனம் இல்லை. இறுகிப் போச்சு.”

 இன்சூரன்ஸ் வக்கீல் என்னைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு உக்காந்தாரு. கதையை முடிச்சுட்டதா நெனைப்பு. வைத்தியத்தைச் சரியாப் பண்ணிக்காதது அடிபட்டவன் தப்புன்னு ஆயிட்டா, எங்க கேஸு காலி.

நான் எந்திரிச்சேன். அதை நீங்க பாத்திருக்கணுமுங்க. நான் சத்தம் போடலை. மெதுவா, டாக்டர், இவரு தெனமும் டீ வித்தாத்தான் சாப்பாடுங்கற குடும்பம்னு ஆரம்பிச்சேன். இவரு படுத்ததும் பொண்டாட்டி தொழிலுக்குப் போயிட்டாங்க. பக்கத்துல இருந்து புடிச்சு உக்கார வைக்க ஒரு ஆளு இல்லை. லைன் வீடு, காலை நீட்டுனா செவுத்துல இடிக்கற வீடு. அந்த வீட்டுல நீங்க சொன்ன பயிற்சி நடந்திருக்கும்னு உங்களால சொல்ல முடியுமான்னு கேட்டேன். டாக்டர் கொஞ்சம் யோசிச்சு, கஷ்டம்தான்னாரு. அப்ப இவரு மிதிக்காததுக்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை, ஏழ்மைன்னு சொல்லலாமில்லையான்னேன். சொல்லலாம்னாரு. ஏழையா இருக்கறது இவரு பண்ணுன தப்பா டாக்டர்னு கேட்டுட்டு, பதிலுக்குக் காத்திருக்காம உக்காந்துட்டேன். ஜட்ஜு கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு சென்னியப்பனைப் பாத்தாரு, அப்பறம் எழுத ஆரம்பிச்சாரு. பக்கத்துல இருந்த வக்கீலு மேசைக்கு அடியில என் கையைப் புடிச்சு அமுக்குனான்.

சென்னியப்பன் பின் பெஞ்சுல உக்காந்து என்னையே பாத்துட்டிருந்தான். கண்ணை எடுக்கவே இல்லை. நான் ரெண்டு தடவை திரும்பிப் பாத்தேன், ரெண்டு தடவையும் பாத்துட்டிருந்தான். நம்ம வக்கீலுக்கு இவ்வளவு வாய் இருக்குதான்னு அசந்துபோயிட்டான்னு நெனைக்கறேன். வெளிய வந்ததும் நானே கிட்டப் போனேன். அன்னைக்குத்தான் அவன், இப்ப ஏறலாங்களான்னு கேக்கலை. தலையைக் குனிஞ்சுட்டு ஊன்றுகோலை ஊனிட்டுப் போயிட்டான். ரொம்ப நேரம் உக்காந்ததுல காலு வலிச்சிருக்கும்.

தீர்ப்பு நம்ம பக்கம். நான் கேட்டதுல முக்கால்வாசி குடுத்துட்டாங்க. எங்க கோர்ட்டுல சைக்கிள் கேஸு ஒண்ணுக்கு அப்படி ஒரு தீர்ப்பு நான் பாத்ததில்லை. டாக்டர்கிட்ட நான் கேட்ட கேள்வியை ஜட்ஜு தீர்ப்புல அப்படியே எழுதியிருந்தாரு. அந்தப் பக்கத்தை ஆபீசுல கண்ணாடி போட்டு மாட்டலாமான்னுகூட யோசிச்சேன்.

சந்தோசமா வெளிய வந்தா, கோர்ட்டு வேப்பமரத்துக்கு அடியில ரெண்டு பேரும் நிக்கறாங்க, பூங்கொடி கையில சைக்கிள். டீ விக்கப் போற வழியில வந்திருக்கறா. நான் சும்மா இருந்திருக்கலாம். சந்தோசத்துல, சென்னியப்பா, கேஸ் முடிஞ்சுது, இனி உன் இஷ்டம், ஏறுன்னேன். அவன் என்னைப் பாத்தான், சைக்கிளைப் பாத்தான். ஊன்றுகோலைப் பொண்டாட்டி கையில குடுத்தான். கேனை அவுத்துக் கீழ வச்சான். எப்படியோ ஒரு பக்கமாச் சாச்சு சீட்டுல உக்காந்துட்டான். இடது கால்ல ஒரு மிதி மிதிச்சான். வலது பக்கத்துப் பெடல் மேல வந்துது, காலு வரலை. சைக்கிள் சாஞ்சு, மரத்தைப் புடிச்சுட்டு நின்னுட்டான். மறுபடியும் மிதிச்சான். மறுபடியும் அப்படியே.

சுத்தி நின்னவங்க எல்லாம் பாக்கறாங்க. எனக்குச் சங்கடமாப் போச்சு. டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்கப்பா, மெதுமெதுவா மிதி, பழகப் பழக வந்துரும்னேன். ஆறுதலுக்குச் சொன்னதுதாங்க.

“வராதுன்னு நீங்கதானுங்க சார் உள்ள நிரூபிச்சீங்க” ன்னான்.

கோவமாச் சொல்லலை. சாதாரணமாத்தான் சொன்னான். அது கோர்ட்டுல பேசறதுப்பா, அதையெல்லாம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னேன்.  பூங்கொடி என்னை நிமிந்துகூடப் பாக்கலை. கேனை அங்கயே வாட்ச்மேன்கிட்ட விட்டுட்டு, அவ முன்னாடி ஏறிக்கிட்டா, அவன் கேரியர்ல ஒரு பக்கமா உக்காந்து வலது காலை நேரா நீட்டிக்கிட்டான். அது ரோட்டுல பாதியை அடைச்சுட்டு நீட்டிட்டிருக்குது, எதுக்க வர்ற பைக்குக்காரன் ஒதுங்கி ஒதுங்கிப் போறான். ரெண்டு பேரும் போயிட்டாங்க. ஒரு வார்த்தை, நல்லா இருங்க சார்னு ஒரு வார்த்தை கெடையாது. நான் கும்பிடு எதிர்பாக்கற ஆளு இல்லைங்க. ஆனா மனுசனுக்கு இருக்குமில்லையா.

ஊருக்குள்ள என்ன பேசறாங்கன்னு எனக்குத் தெரியும். வக்கீலு பேச்சைக் கேட்டுக் காலைக் கெடுத்துக்கிட்டான்னு பேசறாங்க. வேன் ஓட்டுனது நானாங்க? அவன் மிதிச்சு, எவனாவது போட்டோ எடுத்து, கேஸு தோத்திருந்தா அப்பவும் என்னைத்தானே பேசுவாங்க. போர்டுல போட்ட சதவீதம் பொய்யா? நான் நிரந்தர ஊனம்னு மனுவுல எழுதுனேன், கடைசியில அது நிரந்தர ஊனம்தானே? நான் எழுதுனதுல ஒரு எழுத்து தப்பில்லைங்க.

இப்ப இன்சூரன்ஸ்காரங்க சும்மா இருக்கறாங்களா, மேல் கோர்ட்டுக்குப் போயிட்டாங்க. அப்பீலு. அது முடிய எவ்வளவு நாளாகும்னு சாமிக்குத்தான் தெரியும். சென்னியப்பன் ஒரு கையெழுத்துப் போடணும், ஃபோன் பண்ணுனா எடுக்க மாட்டேங்கறான். அதான் காலைல குமாஸ்தா தங்கவேலுவை வீட்டுக்கே அனுப்புனேன். கையெழுத்து வாங்கிட்டு வா, மறக்காம நான் சொன்னேன்னு எச்சரிக்கையும் பண்ணிட்டு வான்னு சொல்லி அனுப்புனேன். மேல் கோர்ட்டுலயும் கேஸ் முடியற வரைக்கும் சைக்கிள்ல ஏறக்கூடாது, மறுபடியும் ஆள் விட்டு போட்டோ எடுப்பாங்க, கவனமா இருக்கச் சொல்லுன்னேன்.

மத்தியானம் தங்கவேலு திரும்பி வந்தான். கையெழுத்து இல்லை. என்னவாமய்யான்னு கேட்டேன்.

“நீங்க சொன்னதை அப்படியே சொன்னனுங்க சார். அவரு சிரிக்க ஆரம்பிச்சுட்டாரு. நிக்கவே மாட்டேங்குது, சுவத்தைப் புடிச்சுட்டுச் சிரிக்கறாரு, கண்ணுல தண்ணியா ஊத்துது. உள்ள இருந்து அந்தம்மா ஓடியாந்து என்னாச்சுன்னு கேட்டாங்க. சைக்கிள்ல ஏறக்கூடாதாமா பூங்கொடின்னு சொல்லிட்டு மறுபடியும் சிரிக்கறாரு. அந்தம்மா சிரிக்கலைங்க. அவரை உள்ள கூட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்திட்டாங்க.”

நானும் மத்தியானத்துல இருந்து யோசிச்சுட்டே வர்றேன். அவன் நல்லதுக்குத்தானே சொல்லி அனுப்புனேன். நீங்களே சொல்லுங்க, இதுல சிரிக்கறதுக்கு என்னங்க இருக்குது?